புளியரை ஏற்றத்தில் ஜெனரேட்டரை இழுத்தால் ஜீப் கொதிக்கிறது: என்ன பார்க்க வேண்டும்?

ஆலங்குளம் செட்டுக்காரன்
செவ்வாய், இரவு 9:40

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். ஆலங்குளத்தில் மைக் செட், லைட் செட் தொழில் பார்க்கிறேன். பத்து வருடப் பழைய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. கோயில் கொடை, கல்யாணம் என்று எந்த வேலைக்குப் போனாலும் 25 கேவிஏ ஜெனரேட்டரை இரண்டு சக்கர டிரெய்லரில் வைத்துப் பின்னால் மாட்டி இழுத்துப் போவேன். போன மாதம் எடைமேடையில் போட்டுப் பார்த்தேன். ஜெனரேட்டரோடு சேர்த்து டிரெய்லர் மட்டும் 1,420 கிலோ. ஜீப்புக்குள் ஒயர் சுருள், சீரியல் செட், பாக்ஸ், அப்புறம் வேலைக்கு இரண்டு பையன்கள்.

சமவெளியில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வரைக்கும் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேதான் நிற்கும். பங்குனி உத்திரத்துக்கு ஆரியங்காவு பக்கம் ஒரு சாஸ்தா கோயிலில் வேலை. மதியம் ஒன்றரை மணி, நல்ல வெயில். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது முன்னால் ஜல்லி லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது கியரில் அதன் பின்னாலேயே போனேன். இரண்டாவது வளைவில் முள் மேலே ஏற ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்திலிருந்து ஆவி. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு மணி நேரம் நின்றோம். ஆறிய பிறகு பார்த்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை, பக்கத்து டப்பா நிரம்பி வழிந்திருக்கிறது. கையில் இருந்த குடிதண்ணீர் கேனை ஊற்றி, ஏசி இல்லாமல் மெதுவாக ஏறிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொடியேற்றத்துக்கு முன் லைட் எரிந்துவிட்டது, அதுவரைக்கும் உயிர் கையில் இல்லை.

திரும்பி வந்து மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். ஒருவர் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கினால்தான் தெரியும் என்கிறார். எல்லாவற்றையும் செய்ய என்னிடம் பணம் இல்லை. விஷுவுக்கு அதே கோயிலில் மறுபடியும் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?


தென்காசி லாரி
செவ்வாய், இரவு 10:15

தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள். எங்கள் லாரிகளில் எல்லாம் அதுதான் செய்வோம். தண்ணீர் தடையில்லாமல் ஓடும், சூடு குறையும். 25 வருடம் கொல்லம் ரோட்டில் ஓட்டியவன் சொல்கிறேன். அந்த மலைப்பாதையில் ரயிலுக்கே பின்னால் இன்னொரு இன்ஜின் வைத்துத் தள்ளுவார்கள். 1904இல் அந்தப் பாதை போட்ட காலத்து வெள்ளைக்காரனுக்கும் அந்த ஏற்றம் சவால்தான். உங்கள் ஜீப் ஒன்றரை டன்னை இழுத்துக்கொண்டு ஏறுவதே பெரிய காரியம்.


வள்ளியூர் மெக்கானிக்
செவ்வாய், இரவு 11:05

அண்ணாச்சி சொன்னதை மரியாதையோடு மறுக்கிறேன். பழைய லாரி இன்ஜின்களில் அப்படி ஓட்டிய காலம் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பது ஒன்று. சூடு ஏறியதும் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அடைப்பது இன்னொன்று. அடியில் ஒரு சின்ன தட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராக இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் முள் கீழே நிற்கும், நல்லாகிவிட்டது என்று நினைப்போம். ஏற்றத்தில் முன்னைவிட மோசமாகும். காலையில் இன்ஜின் சூடாகவும் நேரம் எடுக்கும். டீசலும் கூடும், தேய்மானமும் கூடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். பெரும்பாலும் 82 அல்லது 88 என்று அதன் மேலேயே அடித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுசாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். எறிய வேண்டாம்.

தம்பியிடம் ஆறு கேள்வி. பதில் சொன்னால் மேலே போகலாம்.

ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கூலன்ட் உண்டா, வெறும் தண்ணீரா? ஏறும்போது சைலன்சரில் கறுப்புப் புகை வந்ததா, வெள்ளைப் புகையா? கடைசியாக ரேடியேட்டர் பக்கம் கை வைத்த வேலை எது? ரேடியேட்டர் மூடியின் மேல் என்ன எண் அடித்திருக்கிறது? வண்டி வேறு எந்த வேலைக்குப் போகிறது?


ஆலங்குளம் செட்டுக்காரன்
புதன், காலை 6:50

அண்ணாச்சி, பதில்:

வீட்டுப் போர்த் தண்ணீர்தான் ஊற்றுவேன். கூலன்ட் இரண்டு வருடம் முன்னால் போட்டது, அதற்குப் பிறகு குறைந்தபோதெல்லாம் தண்ணீர். ஏறும்போது நல்ல கறுப்புப் புகை, பின்னால் வந்த பைக்காரர் ஹாரன் அடித்தார். வெள்ளைப் புகை இல்லை. ஆறு மாதம் முன்னால் வாட்டர் பம்ப் மாற்றினோம். மூடியில் 0.9 என்று இருக்கிறது. வேறு வேலை என்றால், மாசியிலிருந்து பிசான நெல் அறுப்புக்கு அம்பை பக்கம் மாமனார் வயலுக்கு இந்த ஜீப்பில்தான் போய்வந்தேன். அறுப்பு மிஷின் பின்னாலேயே வரப்பில் நெல்மூடை ஏற்றினோம்.


பிசானம்
புதன், காலை 7:30

அறுப்பு மிஷின் பின்னால் போனீர்களா? அப்படியென்றால் நான் ஒன்று சொல்கிறேன். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். வைக்கோல் ஏற்றும் சமயத்தில் டிராக்டர் கொதிக்கும், கோடை உழவில் கொதிக்காது. காரணம் வைக்கோல் பொடி. ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையில் படிந்து, கண்ணுக்கு ஒரு சாம்பல் துணி போட்டது போலத் தெரியும். நாலு நடைக்கு ஒரு தடவை நிறுத்தி, கையால் வழித்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஜீப்பில் ஏசி இருப்பதால் உங்களுக்கு இன்னும் கஷ்டம். முன்னால் ஏசி கண்டன்சர், பின்னால் ரேடியேட்டர், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பொடி முதலாவதில் நுழைந்து இரண்டாவதில் நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். மேல் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, நடு இடைவெளியைப் பாருங்கள். நான் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


பாலிடெக்னிக் வாத்தியார்
புதன், காலை 9:20

ஆட்டோமொபைல் பிரிவில் பாடம் எடுக்கிறேன். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், அது தெரிந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் தெளியும்.

ஜீப், ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாம் சேர்த்து மூன்றரை டன் என்று வையுங்கள். கணக்குக்காக, அதை 300 மீட்டர் உயரம் ஏற்ற, உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டாலும், ஒரு கோடி ஜூலுக்குக் கொஞ்சம் மேலே வேலை தேவை. டீசல் எரியும்போது கிடைக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகும். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீருக்குள் இறங்கும். அதாவது வண்டி மேலே ஏற எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டரும் வெளியே தள்ளியாக வேண்டும். அந்த ஒரு கோடி ஜூல் 35 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். உங்கள் வண்டியில் மொத்தமாகவே பத்து லிட்டர் சுற்றினால் அதிகம்.

15 நிமிடத்தில் ஏறுகிறீர்கள் என்றால் 11 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. உங்கள் தொழிலில் சொன்னால், 1000 வாட் ஃபோக்கஸ் லைட் 11ஐ ரேடியேட்டருக்குள்ளே எரியவிட்டு, அந்தச் சூட்டை ஒரு ஃபேனை வைத்து வெளியேற்றுவது போல. சமவெளியில் 60 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். லாரி பின்னால் 15 கிலோமீட்டரில் ஊரும்போது எதிர்க்காற்று கிடையாது. எல்லா வேலையும் ஃபேன் தலையில்.

வெயிலும் சேர்கிறது. ரேடியேட்டர் 95 டிகிரியில் இருந்து, வெளியே 28 டிகிரி என்றால் வித்தியாசம் 67. வெளியே 40 என்றால் 55தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன், வெப்பம் தள்ளும் சக்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மதியம் ஒன்றரை மணிக்குப் பதிலாகக் காலை ஆறு மணிக்கு ஏறியிருந்தால் ஒருவேளை இந்தக் கேள்வியே வந்திருக்காது.

என் கருத்து இது: எல்லாரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் முதலில் காற்றைப் பாருங்கள். சமவெளியில் சூடு ஏறாத வண்டி ஏற்றத்தில் மட்டும் கொதித்தால், தண்ணீர் ஓடுகிறது, காற்று ஓடவில்லை என்று சந்தேகப்படுவதுதான் முறை.


வள்ளியூர் மெக்கானிக்
புதன், காலை 10:40

வாத்தியார் சொன்னது சரி. கறுப்புப் புகை என்று தம்பி சொன்னதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மூன்றாவது கியரில் 15 கிலோமீட்டரில் இழுத்தால் இன்ஜின் முக்கும். ஆக்ஸிலேட்டரை அமுக்க அமுக்க டீசல் போகும், காற்று போதாது, சரியாக எரியாது, கறுப்பாக வெளியே வரும். சூடு மட்டும் ஏறும். வாட்டர் பம்ப்பும் ஃபேனும் கிராங்கோடுதானே சுற்றுகின்றன? இன்ஜின் குறைந்த சுற்றில் முக்கும்போது அவையும் மெதுவாகச் சுற்றும். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கினால் இன்ஜின் சுற்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். சக்கரத்துக்குத் தேவையான வேலை அதேதான், ஆனால் தண்ணீரும் காற்றும் ஒன்றரை மடங்கு ஓடும். சத்தம் கூடுகிறதே, இன்ஜின் கெட்டுவிடுமோ என்று பயந்து மேல் கியரில் இழுப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. ஏற்றத்தில் இன்ஜினுக்குச் சத்தம் கெடுதல் இல்லை, முக்கல்தான் கெடுதல்.

அப்புறம் ஹெட் கேஸ்கட். பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துவிடுங்கள். காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரைக் கவனியுங்கள். விடாமல் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதேதான். எதுவும் இல்லை என்றால் ஹெட்டை இறக்க யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

போர்த் தண்ணீரை நிறுத்துங்கள். எங்கள் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணீரில் டீ போட்டால் பாத்திரத்தில் வெள்ளையாக அடை படியும். அதே அடைதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி போடுங்கள்.


கருப்பட்டி
புதன், மதியம் 1:10

நான் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், தயவுசெய்து யாரும் அலட்சியமாக எடுக்காதீர்கள்.

எங்கள் அப்பா மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் பலசரக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சித்திரை மாதம், ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. கடைக்காரர்கள் காத்திருப்பார்களே என்ற அவசரத்தில், சாக்கைப் போட்டு மூடியைத் திருகியிருக்கிறார். மூடி எகிறி, தண்ணீரும் ஆவியும் ஒன்றாக வெளியே பாய்ந்து வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. மூன்று மாதம் வேலை இல்லை. கடைசிவரை அந்தக் கையில் அவருக்கு முடி முளைக்கவே இல்லை. பளபளவென்று, வெந்த கிழங்குத் தோல் மாதிரி இருக்கும். நான் சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவேன்.

எந்த வேலையும் பத்து நிமிடம் பிந்தலாம். மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். உங்கள் இரண்டு பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் முதலில் ஓடிப்போய்த் திறப்பார்கள்.


பாலிடெக்னிக் வாத்தியார்
புதன், மதியம் 2:00

நன்றி அம்மா. ஏன் அப்படி ஆகிறது என்றால், 0.9 என்று மூடியில் இருப்பது அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், 100ஐத் தாண்டி நின்ற தண்ணீர் மொத்தமும் ஒரே சமயத்தில் கொதிக்கும். அது வழிவதில்லை, வெடிப்பது. சாக்கு, துண்டு எதுவும் தாங்காது. மேல் ஹோஸைத் துணி வைத்துத் தொட்டு அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது.

அதே காரணத்தால் மூடியின் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலும் தொந்தரவுதான். அழுத்தம் பிடிக்காது, சீக்கிரம் கொதித்து டப்பாவுக்குத் தள்ளிவிடும். தம்பியின் டப்பா வழிந்ததால் சொல்கிறேன். மூடி விலை மிகக் குறைவு, மாற்றிவிடலாம்.


கொண்டல்காற்று
புதன், மாலை 5:45

உவரியிலிருந்து எழுதுகிறேன். ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து ஜீப்பில் இழுப்பேன். எங்களுக்கு மலை இல்லை, ஆனால் கடற்கரை மணல் மலையைவிட மோசம்.

கொண்டல் (கிழக்குக் காற்று) அடிக்கும் நாளில் மேற்கே பார்த்துப் போனால் காற்று பின்னாலிருந்து வரும். வண்டி 20 கிலோமீட்டரில் போகிறது, காற்றும் பின்னாலிருந்து அதே வேகத்தில் வருகிறது என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றே நிற்காது. நீங்களும் செங்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்துத்தான் ஏறுகிறீர்கள். மத்தியானத்துக்கு மேல் கிழக்குக் காற்று ஏறியிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒருமுறை வண்டியைத் திருப்பி மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்தினேன், நின்ற இடத்திலேயே முள் இறங்கியது.

இன்னொன்று, டிரெய்லரின் சக்கரங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பேரிங் இறுகியிருந்தால் இன்ஜின் அதையும் சேர்த்துத்தான் இழுக்கும். கொக்கியில் உட்கார்ந்திருக்கும் கனமும் முக்கியம். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியில் இறங்க வேண்டும். ஜெனரேட்டர் பின்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால் வளைவில் வால் ஆடும்.


ஆலங்குளம் செட்டுக்காரன்
வியாழன், இரவு 8:20

இன்று வேலை இல்லை, காலையிலிருந்து வண்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேஸ்கட். ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று குமிழி, பிறகு எதுவும் இல்லை. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது. மனசு லேசாகிவிட்டது.

தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வைத்தேன். மேலே 82 என்று இருக்கிறது. என் மனைவி குழந்தைக்குப் பால் காய்ச்சும் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தாள். 84இல் வாயைத் திறந்தது, 95க்குள் முழுசாகத் திறந்துவிட்டது. அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

அடுத்து பிசானம் அண்ணாச்சி சொன்னபடி மேல் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கீழ்ப் பாதி முழுவதும் வைக்கோல் பொடி. நெல் உமி, தும்பு, செத்த பூச்சி எல்லாம் சேர்ந்து, கயிற்றுக் கட்டிலில் விரிக்கும் பழைய மெத்தை மாதிரி அழுந்திக் கிடந்தது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதன் மறுபக்கத்தில் ரேடியேட்டர் பின்னலின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. இரண்டு மாதமாக அந்த மெத்தையைப் போர்த்திக்கொண்டுதான் வண்டி ஓடியிருக்கிறது.

இரண்டாவது. வள்ளியூர் அண்ணாச்சி கடைசியாக என்ன வேலை என்று கேட்டாரே, வாட்டர் பம்ப் மாற்றிய வேலை. ஃபேனைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர் இருக்கும் அல்லவா, அதன் கீழ்ப் பாதி என் வண்டியில் இல்லை. பக்கத்து வீட்டு ஜீப்பைப் பார்த்துத்தான் அது அங்கே இருக்க வேண்டியது என்றே எனக்குத் தெரிந்தது. கிளிப் உடைந்ததால் மாட்டாமல் விட்டிருக்க வேண்டும். கேட்டதற்குப் பரணில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.


வள்ளியூர் மெக்கானிக்
வியாழன், இரவு 9:00

அதுதான்! அந்தக் கவர் இல்லாமல் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பாதிக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காது, பக்கத்திலிருந்து, இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே இழுத்துச் சுற்றும். சமவெளியில் எதிர்க்காற்று அதை மறைத்துவிடும். தெரியாது. ஏற்றத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். நிறைய பேர் இதை ஒரு அலங்காரச் சாமான் என்று நினைக்கிறார்கள். நான் என் பட்டறையில் பையன்களிடம் சொல்வது, ஃபேன் கவரை மாட்டாமல் வண்டியை வெளியே விட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது.

கழுவும்போது கவனம். கண்டன்சரின் போல்ட்டைக் கழற்றிச் சற்று முன்னால் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடு எல்லாம் மடிந்து படுத்துவிடும், பொடியைவிட மோசமாகிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பொறுமை.

ஃபேன் கிளட்சையும் பார்த்துவிடுங்கள். நடுவில் எண்ணெய் நிரப்பிய உருளை மாதிரி இருப்பது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் ஊளையிட்டு அடங்கும். ஏற்றத்தில் சூடானதும் மறுபடியும் அந்த ஊளை கேட்க வேண்டும். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டினால் பாதிச் சுற்று, ஒரு சுற்றில் நிற்க வேண்டும். நாலைந்து சுற்று விடாமல் ஓடினால் அது செத்துவிட்டது.


ஆலங்குளம் செட்டுக்காரன்
வியாழன், இரவு 9:25

ஊளை அன்றைக்கும் கேட்டது அண்ணாச்சி, நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுண்டியும் பார்த்தேன், அரைச் சுற்றில் நின்றுவிட்டது.


தென்காசி லாரி
வெள்ளி, காலை 6:10

தெர்மோஸ்டாட் விஷயத்தில் வள்ளியூர்த் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பழைய வண்டி வேறு, இது வேறு.

வழியில் கொதித்தால் என்ன செய்வது என்று யாரும் முழுசாகச் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். முள் முக்காலைத் தாண்டியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், வேர்த்தாலும் பரவாயில்லை. கியரைக் குறையுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் நல்ல அகலமான இடத்தில் ஓரங்கட்டி, டிரெய்லர் சக்கரத்துக்கும் சேர்த்துக் கல் வையுங்கள். ஜீப்புக்கு மட்டும் வைத்துவிட்டு டிரெய்லரை மறப்பவர்கள் நிறைய. உடனே இன்ஜினை அணைக்காதீர்கள். நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் தண்ணீர் சுற்றிச் சூடு இறங்கும். ஆனால் தண்ணீர் வெளியே கொட்டியிருந்தால் அந்தக் கணமே அணையுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஹெட் வளைந்துவிடும்.

ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றும்போது இன்ஜினை ஓடவிட்டு, சன்னமாக ஊற்றுங்கள். ஆரியங்காவு ஓடைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று சூட்டில் குபுக்கென்று ஊற்றி ஹெட் வெடித்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

எஸ் வளைவில் மட்டும் நிற்காதீர்கள். கல் லாரி ஓயாமல் வருகிற ரோடு, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. புளியரையிலேயே நின்று, முன்னால் போகிற லாரிகளை விட்டுவிட்டு, பாதை காலியானதும் ஒரே மூச்சில் ஏறுங்கள். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறிவிடும்.


ஆலங்குளம் செட்டுக்காரன்
செவ்வாய், இரவு 10:30

விஷு வேலைக்குப் போய்த் திரும்பிவிட்டோம்.

கழுவ ஒரு முழு நாள் ஆனது. கவரைப் புது கிளிப் போட்டு மாட்டினேன். மூடி புதிது. பழைய தண்ணீரை இறக்கினால் துரு நிறத்தில் வந்தது, நாலு தடவை சுத்தம் செய்து, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் போட்டேன். புது ரேடியேட்டர் வாங்கவில்லை.

முதல் தடவை காலை ஆறரைக்கு ஏறினோம். முள் அசையவே இல்லை, ஆனால் காலைக் குளிர்ச்சியில் அதை நம்ப முடியாது என்று தோன்றியது. கோயிலில் சாமானை இறக்கிவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க டிரெய்லரைக் கழற்றாமலே செங்கோட்டைக்கு இறங்கி, வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப ஏறினேன். லாரி அண்ணாச்சி சொன்னபடி புளியரையில் பத்து நிமிடம் நின்று, மூன்று கல் லாரிகளை விட்டுவிட்டு, இரண்டாவது கியர். சத்தம் பயங்கரம். சின்னப் பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடியில் பார்த்தேன், கறுப்புப் புகை இல்லை, லேசான ஒரு நிழல்தான். முள் பாதியைத் தாண்டி ஒரு கோடு ஏறியது. ஃபேன் ஊளையிட்டது. கோட்டைவாசல் வரைக்கும் அந்தக் கோட்டிலேயே நின்றது. மேலே போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல இறங்கிப் பாதிக்கு வந்தது. பையன் கைதட்டினான். மூடியைத் தொடக் கூடாது என்று கருப்பட்டி அக்கா சொன்னதை இரண்டு பேருக்கும் அந்த இடத்திலேயே மறுபடியும் சொன்னேன்.

உவரி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. நிறுத்திய இடத்தில் டிரெய்லர் சக்கரங்களின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் கை வைக்க முடியவில்லை, கிரீஸ் உருகி டயரின் உள்பக்கத்தில் வழிந்திருக்கிறது. பேரிங் இறுக்கத்தைத் தளர்த்தினால் போதுமா, முழுசாகக் கழற்றி மாற்ற வேண்டுமா?


கொண்டல்காற்று
செவ்வாய், இரவு 11:00

கிரீஸ் உருகி வழிந்துவிட்டது என்றால் தளர்த்தி ஓட்டாதீர்கள் தம்பி. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உருளைகளைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ சொரசொரப்பு இருந்தாலோ கப்போடு (பேரிங் உட்காரும் வெளி வளையம்) சேர்த்து மாற்றுங்கள், கப்பை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் இறுகும். ஆயில் சீலும் புதிது. நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் பின்னால் விட்டு, ஆட்டம் இல்லாமல் ஆனால் விரலால் தள்ளினால் சுற்றும் அளவில் பூட்டு ஊசியைப் போடுங்கள். வலது பக்கத்தையும் அன்றைக்கே திறந்துவிடுங்கள். இடது இந்த நிலையில் இருந்தால் வலதும் அதே வயசுதானே.


ஆலங்குளம் செட்டுக்காரன்
புதன், காலை 6:30

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் திறக்கிறேன். உருளை எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறேன் அண்ணாச்சி.